39 வயதில் ஒரு லெஃப்ட் பேக்: நாகடோமோ எப்படி இன்னும் ஓடுகிறார்?

தாமதமாக_வந்தவன்

நான் கால்பந்து ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்ததே 2022 கத்தார் உலகக் கோப்பையில்தான். கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியை ஜப்பான் 2-1 என்று கவிழ்த்ததும் ஜப்பான் ஆட்டக்காரர் ஒருத்தர் டிவி பேட்டியில் "பிராவோ! பிராவோ!" என்று தொண்டை கிழியக் கத்தினாரே, யூட்டோ நாகடோமோ, அவர்தான் இந்த இழைக்குக் காரணம். அப்போதே 36 வயது. சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். 2025 ஜூலையில் கொரியாவில் நடந்த கிழக்கு ஆசிய கோப்பையில் சீனாவுக்கு எதிராக ஜப்பான் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்! இப்போது 39. இன்னும் எஃப்.சி. டோக்கியோவில் ஆடுகிறார், ஐந்தாவது உலகக் கோப்பை ஆடுவேன் என்று வேறு சொல்கிறார்.

கோல்கீப்பர் என்றால் புரிகிறது. நடுவில் நிற்கும் சென்டர் பேக் என்றாலும் மூளையை வைத்து ஒப்பேற்றலாம் என்கிறார்கள். 170 செ.மீ. உயரத்தில் ஒரு சைடு பேக், அதாவது ஓரத்தில் மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும் தடுப்பாட்டக்காரர், எப்படி இவ்வளவு காலம்? பழைய ஆட்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

சுருக்கமான பதில்: உடற்பயிற்சி, சாப்பாடு, நல்ல பெயர், அப்புறம் வாய். கடைசி இரண்டை யாரும் குறைத்து எடைபோட வேண்டாம். 143 சர்வதேச ஆட்டங்கள் என்று எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள், அதில் கடைசி ஒன்று, நீங்கள் சொன்ன சீனா ஆட்டம், ஐரோப்பாவில் ஆடுகிறவர்களைக் கூப்பிடாத போட்டியில் வந்தது. அதற்கு முந்தைய ஆட்டம் 2022 டிசம்பரில் குரோஷியாவோடு. இரண்டரை வருஷ இடைவெளி. அதை "தொடர்ந்து ஆடுகிறார்" என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாம்_வரிசை

வந்துவிட்டார் நம் ஊத்தப்பத்தில் உப்பு தேடுகிறவர். :)

தம்பி, இதற்குப் பதில் கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள். நான் 2010 தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையிலிருந்து இவரைப் பார்க்கிறேன். ஆனால் கதையை அதற்கும் முன்னாலிருந்து தொடங்கவேண்டும்.

எஹிமே மாவட்டத்தில் சைஜோ என்று கடலோர ஊர், அங்கே பிறந்தவர், 1986 செப்டம்பர். சின்ன வயதில் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட, மூன்று பிள்ளைகளையும் அம்மா தனியாக வளர்த்தார். உள்ளூர் கிளப்பின் சிறுவர் அணித் தேர்வுக்குப் போனார், எடுக்கவில்லை. ஃபுகுவோகாவில் பெரிய பள்ளியில் ஆடினார், அங்கேயும் யாரும் தொழில்முறை ஒப்பந்தத்தோடு ஓடிவரவில்லை. டோக்கியோவுக்குப் போய் மெய்ஜி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், அதுவும் கால்பந்துக்கான இடத்தில் கிடையாது. சேர்ந்ததும் முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. ஆட முடியாது. என்ன செய்தார் தெரியுமா? காலரியில் நின்று தன் அணிக்காகப் பெரிய மேளம் அடித்தார். அவர் அடித்த அடியைப் பார்த்து காஷிமா ஆன்ட்லர்ஸ் ரசிகர்கள் "எங்கள் கூட்டத்துக்கு வந்து அடிக்கிறாயா" என்று கேட்டார்கள் என்று ஒரு கதை ஜப்பானில் ரொம்பப் பிரபலம்.

அந்தப் பையன் மெய்ஜியில்தான் நடுக்களத்திலிருந்து சைடு பேக் ஆனான். 2007இல் மாணவராக இருந்தபடியே எஃப்.சி. டோக்கியோவில் பழகி, 2008இல் தொழில்முறை ஒப்பந்தம், அதே மே மாதம் தேசிய அணி, அதே ஆகஸ்டில் பெய்ஜிங் ஒலிம்பிக். மேளத்துக்கும் தேசிய அணிக்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

தாமதமாக_வந்தவன்

மேளம்! இதை எங்கேயும் படித்ததில்லை. மேலே சொல்லுங்கள் அண்ணே.

மூன்றாம்_வரிசை

2010 ஜூன் 14, ப்ளூம்ஃபோன்டைன், ஜப்பான் எதிர் கேமரூன். கேமரூனின் நட்சத்திர ஸ்ட்ரைக்கர் எட்டோ இன்டர் மிலனோடு சாம்பியன்ஸ் லீக் வென்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. கேமரூன் கோச் அவரை வலப்பக்கம் நிறுத்தினார். அந்தப் பக்கத்துக்கு ஜப்பானின் லெஃப்ட் பேக் யார்? 23 வயது நாகடோமோ. எட்டோவின் சட்டை மடிப்புக்குள்ளேயே குடியிருந்தது போல ஒட்டிக்கொண்டு ஆடினார். ஹோண்டா ஒரு கோல் போட்டு 1-0. அந்த உலகக் கோப்பையில் பராகுவேயிடம் பெனால்டியில் தோற்கும்வரை நான்கு ஆட்டமும் இவர் இறங்கினார்.

உலகக் கோப்பை முடிந்த கையோடு இத்தாலியில் செசேனா. அப்போதுதான் மேல் டிவிஷனுக்கு ஏறிவந்த சின்ன கிளப். முதல் ஆட்டம் ரோமாவோடு அவர்கள் மைதானத்தில் 0-0. அடுத்தது சொந்த மைதானத்தில் ஏ.சி. மிலனை 2-0 என்று அடித்தார்கள், இப்ராஹிமோவிச் மிலனுக்கு ஆடிய முதல் ஆட்டம் அது, பெனால்டி வேறு தவறவிட்டார். ஆறு மாதம் கழித்து, 2011 ஜனவரி கடைசி நாள், டிரான்ஸ்ஃபர் கதவு மூடப்போகும் நேரத்தில் இன்டர் மிலன் இவரை லோனில் (இரவலாக) எடுத்தது. எட்டோவே இப்போது சக ஆட்டக்காரர்! எதிர்த்திசையில், இன்டரிலிருந்து செசேனாவுக்குப் போன பையன் பெயர் டாவிடே சான்டோன், இத்தாலியின் அடுத்த பெரிய லெஃப்ட் பேக் என்று எல்லோரும் அடித்துச் சொன்ன 20 வயதுப் பையன். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வாராந்திர_பேக்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஏழு பேர் ஆட்டத்தில் லெஃப்ட் பேக் நிற்கிறவன் என்ற தகுதியில் இரண்டு விஷயம்.

ஒன்று, அவர் வலது காலாட்டக்காரர். இதைக் கவனிக்காமல் அவர் ஆட்டம் புரியாது. இடப்பக்கம் மேலே ஏறிப்போனால் கோட்டோரம் போய் இடது காலால் கிராஸ், அதாவது கோலுக்கு முன்னால் விழும் பந்து, அடிக்கவேண்டும், அது கை மாற்றிச் சாப்பிடுவது மாதிரி. அதனால் முதல் சில வருஷம் பந்தை உள்ளே வெட்டி வலது காலுக்குக் கொண்டுவருவார், அதற்குள் எதிர் பேக்குகள் வரிசை கட்டிவிடுவார்கள். இன்டரில் ரசிகர்கள் திட்டியதில் பாதி இந்த கிராஸ்களுக்குத்தான்.

இரண்டு, உயரம். நம் கோலின் தூரக் கம்பத்துக்கு உயரமாகப் போடும் பந்து இருக்கிறதே, குள்ளமான லெஃப்ட் பேக்குக்கு அதுதான் எமன். எதிரணி கோச்சுக்கு 170 செ.மீ. ஆளைப் பார்த்தவுடன் வாயில் எச்சில் ஊறும், வலது கோடியிலிருந்து உயரமான விங்கரை (ஓரத்தில் தாக்கும் ஆட்டக்காரரை) அவர் தலைக்கு மேல் ஏற்றிவிடுவான். நாகடோமோ அதை எப்படிச் சமாளிக்கிறார் என்று நான் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே முதுகைக் கொடுத்து எதிராளியின் தொடைமேல் உட்கார்வது போல ஒரு அழுத்தம் கொடுப்பார். எம்பி ஜெயிப்பது நோக்கமே இல்லை, அவன் நிம்மதியாக எம்பக்கூடாது, அவ்வளவுதான். முழங்கை மேலே போகாது, கை பிடித்து இழுக்கமாட்டார், அதனால் நடுவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. நான் ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தேன், முதல் தடவையே ஃபவுல்.

பந்துபொறுக்கி

"தொடைமேல் உட்கார்வது போல": இதை எங்கள் பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன், ஒருத்தரும் தேசிய அணிக்குப் போகவில்லை.

கணக்குப்பிள்ளை

வாராந்திர_பேக் சொன்னதற்கு நன்றி, என் வாதத்துக்கே உதவுகிறார். கிராஸ் சுமார், தலைப்பந்து சுமார். அப்படியானால் ஏழு வருஷம் இன்டர் எதற்கு வைத்திருந்தது? அந்த ஏழு வருஷம் இன்டரின் மோசமான காலம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2011இல் கோப்பா இத்தாலியா வென்றதோடு சரி, இவர் இருந்தவரை வேறு கோப்பை கிடையாது. கோச் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2017 ஏப்ரலில் நபோலி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? சும்மா வந்த பந்தைத் தட்டிவிடத் தெரியாமல் காலில் சிக்கவைத்து நபோலியின் கயேஹோனுக்குக் கையில் கொடுத்தார். 0-1. இன்டரின் மைதானமான சான் சீரோ முழுக்க விசில். ஒரு இன்டர் ரசிகனாக அந்தப் பந்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாம்_வரிசை

அந்தப் பந்து தவறுதான், மறுக்க ஏதுமில்லை. ஆனால் "கோச் மாறிக்கொண்டே இருந்தார்கள்" என்று நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இடத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

லியோனார்டோ எடுத்தார். பிறகு காஸ்பெரினி, ரானியேரி, ஸ்ட்ராமச்சோனி, மட்ஸாரி, மன்சினி, டி போயர், பியோலி, ஸ்பல்லெட்டி. ஏழு வருஷத்தில் இத்தனை பேர். ஒருத்தருக்கு நாலு பேர் பின்வரிசை வேண்டும், ஒருத்தருக்கு மூன்று பேர், விங் பேக் மேலே நிற்கவேண்டும். ஒருத்தர் வலப்பக்கம் போ என்பார், அடுத்தவர் இடப்பக்கம் போ என்பார், இன்னொருத்தர் நீ வேண்டாம், வேறு கிளப் பார் என்பார். ஒவ்வொரு கோடையிலும் இத்தாலியப் பத்திரிகைகள் இவரை விற்றுத்தள்ளின, ஒவ்வொரு செப்டம்பரிலும் 55ஆம் எண் சட்டையோடு அங்கேயே நின்றார். எல்லாப் போட்டியும் சேர்த்து 210 ஆட்டம். புதிய கோச் வந்து இரண்டு மாதம் பெஞ்சில் உட்காரவைப்பார், மூன்றாவது மாதம் யாராவது காயம்பட்டால் இவர் இறங்குவார், அப்புறம் வெளியே எடுக்கமாட்டார்கள். ஒரு தடவை நடந்தால் அதிர்ஷ்டம் எனலாம், ஒன்பது கோச்சிடமும் நடந்தால் அதற்கு வேறு பெயர்.

சக ஆட்டக்காரர்களுக்கு இவரை எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு இன்னொன்று: கோல் போட்டால் இன்டர்காரர்கள் எதிரெதிரே நின்று ஜப்பான் பாணியில் குனிந்து வணங்குவார்கள். எட்டோவும் ஸ்னைடரும் குனிந்து வணங்கும் காட்சி, வேறு எந்தக் கிளப்பில் பார்க்க முடியும்.

சோஃபு_வாசி

நான் வேலைக்காக ஐந்து வருஷமாக டோக்கியோவின் மேற்கே சோஃபுவில் இருக்கிறேன். கெய்யோ ரயில் பாதையில் தொபிதாக்யூ ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் எஃப்.சி. டோக்கியோவின் மைதானம். அதனால் இவரை வாரம் விட்டு வாரம் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

முதல் தடவை போனபோது ஒன்று கவனித்தேன், எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஆட்டத்துக்கு முந்தைய வார்ம்-அப். இளம் பையன்கள் ஓட்டம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போவார்கள். இவர் கோட்டிலிருந்து கோட்டுக்கு இன்னும் ஒரு ஓட்டம் ஓடுவார், கடைசி ஐந்து மீட்டரில் வேகத்தைக் குறைக்காமல் சடாரென்று நின்று திரும்புவார். ஒரு பக்கம் திரும்பினால் அடுத்த தடவை மறுபக்கம். கால் தரையில் பதிகிற சத்தம் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் கேட்கும். அப்புறம் யாராவது பையனின் தோளில் ஒரு அடி, காதில் ஏதோ கத்தல், பையன் சிரிப்பான். ஆட்டம் முழுக்க அந்தக் கத்தல் ஓயாது, பெஞ்சில் இருந்தாலும்.

இங்கே ஆட்டம் தொடங்குமுன் ரசிகர்கள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு "யூ வில் நெவர் வாக் அலோன்" பாடுவார்கள், லிவர்பூல்காரர்கள் பாடுவார்களே அதே பாட்டு. 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் வந்து நான்கே நாளில் இன்டர் மியூனிக்கில் பயர்னோடு சாம்பியன்ஸ் லீக் ஆடியது. 3-2 என்று திரும்பி வந்து ஜெயித்த ஆட்டம், நாகடோமோ கடைசி நிமிடங்களில் சப்பாக இறங்கினார். முடிந்ததும் ஜப்பான் கொடியை விரித்துக்கொண்டு நின்றார். அதில் "நீ தனியாக இல்லை, எல்லோரும் இருக்கிறோம்" என்று ஜப்பானிய மொழியில், கீழே இதே பாட்டின் வரி. அந்த வரி எங்கிருந்து வந்தது என்று இந்த மைதானத்தில் நின்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. 2021 செப்டம்பரில் பதினோரு வருஷம் கழித்து இவர் திரும்பி வந்தது இதே இடத்துக்குத்தான்.

தாமதமாக_வந்தவன்

இன்டருக்கும் டோக்கியோவுக்கும் நடுவில் என்ன? அதைச் சொல்லவில்லையே.

மூன்றாம்_வரிசை

வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 ஜனவரி கடைசியில் இஸ்தான்புல், கலாட்டாசரே, ஃபாத்தி தெரிம் கோச். இன்டரில் கிடைக்காத லீக் கோப்பை அங்கே அடுத்தடுத்து இரண்டு வருஷம் கிடைத்தது, துருக்கிக் கோப்பையும் ஒன்று. 2018 அக்டோபரில் ஷால்கேவோடு ஆடும்போது பந்து மார்பில் பட்டு நுரையீரல் சுருங்கிப்போனது. கேட்கவே பயங்கரம், நுரையீரலை வைத்துப் பிழைக்கும் ஆளுக்கு நுரையீரலிலேயே அடி. திரும்பி வந்து 2019 ஆசியக் கோப்பையில் ஆடினார், இறுதியில் கத்தாரிடம் தோற்றார்கள். பிறகு 2020-21 மார்செய், வலப்பக்கம் ஹிரோகி சகாய், இடப்பக்கம் இவர், ஒரே கிளப்பில் இரண்டு ஜப்பான் சைடு பேக்குகள். மார்செய் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, பெரிய வருஷம் கிடையாது.

வாராந்திர_பேக்

தம்பியின் முதல் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. சைடு பேக் ஏன் சீக்கிரம் கிழடாகிறான் என்றால், ஓடும் தூரம் காரணமில்லை, நடுக்களக்காரனும் அதே தூரம் ஓடுகிறான். இவன் முழு வேகத்தில் மேலே போகவேண்டும், பந்து பறிபோன நொடியில் நின்று, திரும்பி, அதே முழு வேகத்தில் கீழே வரவேண்டும். அந்த நிற்பதும் திரும்புவதும்தான் ஆளைத் தின்கிறது: தொடைப் பின்தசை, தொடைச்சந்து, கெண்டைக்கால். 30 தாண்டியதும் வேகம் கொஞ்சம் குறையும், சரி, அது தெரிந்ததே, ஆனால் அந்தத் திருப்பத்தில் அரை நொடி கூடுதலாகும், அந்த அரை நொடியில் விங்கர் போய்விடுவான்.

முதுகு டிஸ்க் போன பையன் என்று மேலே எழுதினீர்களே. அந்த வலியிலிருந்துதான் இடுப்பையும் வயிற்றையும் சுற்றியுள்ள உள்தசைகளுக்கான பயிற்சியைப் பிடித்துக்கொண்டார், அதற்கே ஜப்பானில் பெயர்போனவர். சோஃபு_வாசி பார்த்த வார்ம்-அப் அதன் நீட்சிதான்: நிற்பதையும் திரும்புவதையும் தினமும் பழகுகிறார். தசைக் காயங்கள் அடிக்கடி வந்தபோது சாப்பாட்டையே மாற்றி, மீன், நல்ல கொழுப்பு என்று சமையல்காரரை வைத்துக்கொண்டு ஆடினார். அந்த வயதில் காயம் பட்டது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்லக்கூடாது, முதுகுவலி எனக்கும் உண்டு.

கணக்குப்பிள்ளை

இது நல்ல விளக்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதே உழைப்பு உழைத்தவர்கள் எத்தனை பேர் 32இல் முடிந்துபோனார்கள்? உச்சிடாவை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் உச்சிடா, இடப்பக்கம் நாகடோமோ, ஜப்பானின் பொற்காலச் சைடு பேக் ஜோடி. 2011 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் இன்டரும் உச்சிடா ஆடிய ஷால்கேயும் மோதின, சான் சீரோவிலேயே 5-2 என்று ஷால்கே துவைத்தது, உச்சிடா அரையிறுதிக்குப் போனார், நாகடோமோ வீட்டுக்குப் போனார். ஆட்ட நுணுக்கத்தில் உச்சிடா ஒரு படி மேல் என்பது என் அபிப்பிராயம். முட்டி போனது, அறுவை சிகிச்சை, கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஆடவே முடியவில்லை, 2020 ஆகஸ்டில் 32 வயதில் ஓய்வு. அவர் உழைக்கவில்லையா? உடம்பு வாங்கிவந்த வரம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள். நாகடோமோவின் தாத்தா கெய்ரின் சைக்கிள் பந்தயக்காரர். தொடை ரத்தத்தில் வந்தது.

மூன்றாம்_வரிசை

உச்சிடா பற்றிச் சொன்னது சரி. வலிக்கும் விஷயம் அது. வரமும் இருக்கிறது, மறுக்கவில்லை.

சான்டோனை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா. செசேனாவுக்குப் போனவர் நியூகாசிலுக்குப் போனார், 2015இல் இன்டருக்கே திரும்பினார், அதாவது எந்த ஆளோடு மாற்றிக்கொண்டார்களோ அதே ஆளோடு ஒரே டிரஸ்ஸிங் ரூமில் மூன்று வருஷம். பிறகு ரோமா. 2022இல் முட்டிக் காயங்களால் ஓய்வு, 31 வயது. அதே வருஷம் நவம்பரில், அவரைவிட நான்கு வயது மூத்த நாகடோமோ ஜெர்மனிக்கு எதிராக இறங்கினார்.

வரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகமுடியாததற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கத்தாரில்தான் தெரிந்தது. நான்கு ஆட்டம். நான்கிலும் முதல் பதினொருவரில் நாகடோமோ. நான்கிலும் வெளியே எடுத்தார்கள். மூன்றில் இடத்துக்கு வந்தவர் ஒரே ஆள், விங்கர் மிட்டோமா. ஜெர்மனியோடு 57ஆவது நிமிடம், ஸ்பெயினோடு இடைவேளையிலேயே, குரோஷியாவோடு 64. கோஸ்டா ரிக்காவோடு மட்டும் இடைவேளையில் ஹிரோகி இடோ வந்தார். கோச் மொரியாசு போட்ட கணக்கு அதுதான்: கிழவன் முதல் ஒரு மணி நேரம் எதிரணி வலப்பக்கத்தை ஓட ஓட விரட்டி மூச்சு வாங்கவைக்கவேண்டும், களைத்துப்போன பேக்குமேல் மிட்டோமாவை அவிழ்த்துவிடவேண்டும். ஸ்பெயினோடு கோட்டில் மயிரிழையில் பந்தைத் திருப்பிப்போட்டு உலகமே மிட்டோமா பெயரைச் சொன்னபோது, முதல் பாதி அந்தப் பக்கம் மூச்சுவாங்க ஓடியவர் பெஞ்சில் குதித்துக்கொண்டிருந்தார்.

நான்கு உலகக் கோப்பை, 15 ஆட்டம் ஆடிய ஆள், 57ஆவது நிமிடம் பலகையில் தன் நம்பரைப் பார்த்து முகம் சுளிக்காமல் வெளியே வருகிறார், வந்து கத்துகிறார். எத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் அந்தப் பலகையைப் பார்த்துப் பாட்டிலை எட்டி உதைத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டதால்தான் 36இல் அந்த அணியில் இருந்தார். முழு 90 நிமிடம் கேட்டிருந்தால் 32இலேயே வீட்டில் உட்காரவைத்திருப்பார்கள்.

பந்துபொறுக்கி

குரோஷியாவுக்குச் சமன் கோல் அடித்த பெரிசிச் இன்டரில் இவருக்கு முன்னால் அதே இடப்பக்கம் நின்றவர். இரண்டரை வருஷம் பின்னாலிருந்து பந்து கொடுத்த பாவத்துக்குக் கைமேல் பலன்.

சோஃபு_வாசி

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கை ஜப்பானியருக்கு நாகடோமோ என்றால் கொஞ்சம் எரிச்சல். "சத்தம் அதிகம்" என்பார். இங்கே பலருக்கு அப்படி ஒரு அபிப்பிராயம் உண்டு, நான் ஒளிக்க விரும்பவில்லை. 2016இல் பேட்டியில் காதலியை "என் அமோரே" என்றார், நடிகை தைரா ஐரி, அடுத்த வருஷம் கல்யாணம், அந்த வார்த்தை 2016இன் பிரபல வார்த்தைகளில் முதல் பத்துக்குள் வந்தது. 2018இல் முடி பொன்னிறம், 2022இல் சிவப்பு. அடக்கமாக இருப்பதே அழகு என்று நினைக்கிற ஊரில் இது எல்லோருக்கும் பிடிக்காது. கணக்குப்பிள்ளை ஆரம்பத்தில் "வாய்" என்று சொன்னது முழுப்பொய் இல்லை. ஆனால் அதே நண்பர் ஜெர்மனி ஆட்டத்துக்கு மறுநாள் காலை லிஃப்டில் என்னைப் பார்த்து, மெதுவாக, ஒரே தடவை, "பிராவோ" என்றார்.

கணக்குப்பிள்ளை

அந்த லிஃப்ட் கதைக்கு ஒரு லைக். என் பக்கத்தைச் சுருக்குகிறேன். 143 ஆட்டத்தில் அவருக்கு மேலே எண்டோ மட்டும்தான், 152. பேக்குகளில் யோஷிடா 126, இஹாரா 122, நகாசவா 110. எண்ணிக்கையை நான் குறைசொல்லவில்லை. நான் கேட்பது, 39 வயது ஆளுக்குத் தேசிய அணியில் இடம் என்றால் 22 வயது பையன் ஒருத்தன் வீட்டில் உட்காருகிறான், இது நியாயமா என்பதுதான். "அனுபவம்", "டிரஸ்ஸிங் ரூம் சூழல்" என்பதெல்லாம் அளக்க முடியாத சரக்கு. அதற்கு ஒரு கோச்சை வைத்துக்கொள்ளலாமே, சட்டை எதற்கு?

வாராந்திர_பேக்

கோச் சொன்னால் பையன்கள் தலையாட்டுவார்கள். தன் இடத்துக்கே போட்டியாக இருக்கும் ஆள் பயிற்சியில் தன்னைவிட முன்னால் ஓடினால் தலையாட்ட முடியாது, ஓடித்தான் ஆகவேண்டும். எங்கள் ஏழு பேர் அணியிலும் 50 வயதுக்காரர் ஒருத்தர் உண்டு, அவர் வருகிற வாரம் யாரும் தாமதமாக வருவதில்லை. இதையும் அளக்க முடியாதுதான். ஆனால் 22 வயது பையன் விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி, எனக்கும் முழு உடன்பாடு இல்லை, 26 பேர் பட்டியலில் 26ஆவது ஆளாக என்றால் சரி, 15ஆவது ஆளாக என்றால் வேண்டாம்.

தாமதமாக_வந்தவன்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு பழைய ஆட்டம் பார்க்கவேண்டும் என்றால் எது?

மூன்றாம்_வரிசை

2011 ஜனவரி 29, தோஹா, ஆசியக் கோப்பை இறுதி, ஆஸ்திரேலியா. கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டம். ஆஸ்திரேலியர்கள் உயரமான பந்துகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டாம் பாதியில் கோச் ஸக்கெரோனி ஒரு சென்டர் பேக்கை உள்ளே விட்டு, கொன்னோவை லெஃப்ட் பேக் ஆக்கி, நாகடோமோவை ஒரு வரிசை மேலே தள்ளுகிறார். 109ஆவது நிமிடம். அத்தனை நேரம் ஓடிய ஆள், எண்டோ கொடுத்த பந்தை வாங்கி, எதிர் பேக்கைத் தாண்டி கோட்டோரம் போய், அதுவும் இடது காலால், வாராந்திர_பேக் கவனிக்க, ஒரு கிராஸ். பெட்டிக்குள் லீ தடானாரி ஒற்றை ஆளாக, யாரும் பக்கத்தில் இல்லாமல், காற்றிலேயே அடித்தார். 1-0. இரண்டு நாளில் இன்டர் ஒப்பந்தம்.

இன்னொன்றும் பாருங்கள், சின்னத் துண்டு: 2018, யெகாதெரின்பர்க், செனகல். ஷிபசாகி பாதி மைதானத்துக்கு ஒரு நீளப் பந்து போடுகிறார், தலைக்கு மேல் வந்ததை நாகடோமோ பெட்டிக்குள் காலில் இறக்கி, இனுயி ஓடிவருவதைப் பார்த்து பந்தை அப்படியே அவருக்கு விட்டுவிட்டு விலகுகிறார். இனுயி வளைத்து அடித்தார். அந்த விலகலை மட்டும் இரண்டு தடவை பாருங்கள்.

தாமதமாக_வந்தவன்

இரண்டும் பார்த்துவிட்டேன். 109ஆவது நிமிடத்தில் அந்த ஓட்டம்! எதிர் பேக் முட்டியில் கைவைத்து நிற்கிற மாதிரி இருக்கிறார், இவர் அப்போதுதான் களமிறங்கியவர் மாதிரி போகிறார். நான் இரவு பதினொன்றரைக்குப் பார்த்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை

நானும் திரும்பப் பார்த்தேன். நல்ல கிராஸ். நபோலி பந்தை இன்னும் மன்னிக்கவில்லை.